இதைக் கேள், தம்பி

மொன்றியல் டவுன்டவுனில், வின்சர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், அல்பேர்ட்டா லவுஞ்ச் என்று ஒரு மதுக்கூடம் இருந்தது. நான் அந்த நகரத்துக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அது மறைந்துவிட்டது. ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போது என் நடை தானாக மெதுவாகும். 1949இல் நோமன் கிரான்ஸ் என்ற அமெரிக்கக் கச்சேரி ஏற்பாட்டாளர் டாக்சியில் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வண்டி ரேடியோவில் ஒரு பியானோ. யாருடைய இசைத்தட்டு என்று கேட்டார். தட்டு இல்லை, அல்பேர்ட்டா லவுஞ்சிலிருந்து நேரடியாக ஒலிபரப்புகிறார்கள், வாசிப்பவர் ஒஸ்கார் பீற்றர்சன் என்றார் சாரதி. கிரான்ஸ் வண்டியைத் திருப்பச் சொன்னார். அந்த வருட செப்டெம்பரில் பீற்றர்சனை நியூயோர்க் கார்னகி மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதிக் கடதாசி இல்லாததால் அவரைச் சனத்துக்கு நடுவே உட்கார வைத்து, கச்சேரியின் இடையில் மேடைக்கு அழைத்தார். மொன்றியல் ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன் 24 வயதில் அன்றிரவு உலகத்துக்குத் தெரியவந்தார்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஹெய்தி நாட்டவர். சென்ட் கத்தரீன் வீதியை ஒட்டிய ஓர் உணவகத்தில் அவர் செஃப், நான் கோப்பை கழுவுகிறவன். எண்பதுகளின் கடைசி. மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அகதிக் கோரிக்கை விசாரணைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெடியன்கள் டவுன்டவுன் குசினிகளில் நிறைந்திருந்த காலம். எங்களில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்று கேட்டுக் கேட்டு அவரும் எங்கள் எல்லோரையும் 'தம்பி' என்றே கூப்பிடுவார். கடதாசி இல்லாமல் கார்னகி மேடையேறிய ஒருவரின் கதையை, கடதாசிக்குக் காத்திருந்த ஒருவனிடம் அவர் யோசித்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். அன்று கேட்க ஆசைப்பட்டும் கிடைக்காத இசையெல்லாம் இன்று கைத்தொலைபேசியில் இருக்கிறது. ஆனாலும் மனம் அந்தக் குசினிக்கே போகிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே, அலுமாரித் தட்டில் எண்ணெய்ப்பிசுக்கோடு ஒரு ரேடியோ கசெட் பெட்டி இருந்தது. அதில் செஃப் தன் கையால் பதிவுசெய்த கசெட்டுகள்தான் ஓடும். கடைசி மேசைக்குச் சாப்பாடு போனபின் அவர் ஒரு கசெட்டை எடுத்து என் நனைந்த கையைத் துடைக்கச் சொல்லிவிட்டுத் தருவார். “இதைக் கேள், தம்பி. அடுத்த கிழமை கதைப்போம்.”

அந்த 'அடுத்த கிழமை கதைப்போம்' எனக்குப் பெரிய விசயம். கசெட்டைத் தந்துவிட்டு அவர் மறந்துபோகிற ஆளில்லை. ஒரு கிழமை கழித்துக் கேட்பார்: பேஸ் வாத்தியம் எந்த இடத்தில் நடையை மாற்றியது, டிரம்ஸில் குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ் எடுத்தது எந்தப் பாட்டில், எந்தப் பாட்டைத் திரும்பப் போட்டாய், ஏன். பதில் சொல்ல முடியாவிட்டால் கோபிக்க மாட்டார். அடுத்த கசெட்டும் தர மாட்டார். அதையே இன்னொரு கிழமை கேட்க வேண்டும்.

அவர் முதலில் தந்தது பீற்றர்சனின் 'நைட் ட்ரெய்ன்'. 1962 டிசெம்பரில் பதிவுசெய்தது. பியானோவில் பீற்றர்சன், பேஸில் ரே பிறவுண், டிரம்ஸில் எட் திக்பென். மூன்றே பேர். நான் அளவெட்டிப் பக்கத்துக் கோயில்களில் விடிய விடியத் தவில் கேட்டு வளர்ந்தவன். தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்டவர்கள் அதைப் பற்றிக் கதைத்துத் தீராத ஊர் எங்களுடையது. தாளம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தட்டில் தாளத்தை எங்கே தேடுவது என்று முதலில் தெரியவில்லை. திக்பென்னின் கை அவ்வளவு அடக்கம். பல தடவை கேட்டபிறகுதான் ரே பிறவுணின் பேஸ் வழியாக உள்ளே போகலாம் என்று விளங்கியது. அவருடைய விரல் நடக்கிறது, மற்ற இரண்டு பேரும் அந்த நடையின் மேல் நின்றுகொண்டு விரும்பியதைச் செய்கிறார்கள். கடைசிப் பாட்டு 'ஹிம் டு ஃப்ரீடம்'. தேவாலயப் பாட்டின் எளிமையோடு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சுரம் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் பியானோ முழுவதும் குலுங்குகிற இடத்துக்கு வரும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில் பிறந்த இசை. நிலக்கீழ் அறையில், வேலை முடிந்து வந்த சாமத்தில், நான் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ'. ஜாஸ் கேட்கத் தொடங்கும் எல்லோருக்கும் எல்லோரும் சொல்லும் தட்டு அது. சொல்வதில் தவறே இல்லை. 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக இரண்டே அமர்வுகளில் பதிவுசெய்தது. முதல் பாட்டு 'சோ வட்' எனக்கு உடனே பிடிபட்டது. அதற்குக் காரணம் என் கெட்டித்தனம் இல்லை, கரகரப்பிரியா. அந்தப் பாட்டு நிற்கும் சுரவரிசை கரகரப்பிரியாவினுடையதுதான். 16 அளவு அதிலே நின்று, பிறகு அதே வரிசையை அரைச் சுரம் மேலே தூக்கி 8 அளவு, திரும்பவும் பழைய இடத்தில் 8 அளவு. சுருதியையே அப்படித் தூக்கிவைப்பதை எங்கள் கச்சேரியில் கேட்டதில்லை. ஆனால் ஒரு சுரவரிசையில் நிதானமாகத் தங்கி அதைத் துலக்குவது எங்கள் காதுக்குப் பழக்கம்தானே. இதைச் செஃபுக்குச் சொன்னேன். கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, பாடிக் காட்டு என்றார். வாயில் வந்தபடி பாடினேன். நான் சொன்ன ஒன்றை அவர் கேட்டுக்கொண்டு நின்றது அதுதான் முதல் முறை.

இன்னொரு நாள், டிரம்ஸும் சாக்ஸபோனும் நாலு நாலு அளவாக மாறி மாறி வாசிப்பதைக் கேட்டுவிட்டு, எங்கள் ஊர்த் தவில் சமா இப்படித்தான் இருக்கும் என்றேன். இரண்டு மூன்று தவில்காரர் எதிரெதிரே இருந்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, விட்டுக்கொடுக்காமல், ஆனால் ஒருவரை ஒருவர் இரசித்துக்கொண்டு. கேட்டவர் சிரித்தார். “அப்படியென்றால் உனக்கு நான் என்னத்துக்கு?” என்றார். அவர் எவ்வளவு தேவையாக இருந்தார் என்பதை அன்றைக்குச் சொல்ல எனக்குப் பிரெஞ்சும் போதவில்லை, ஆங்கிலமும் போதவில்லை.

சம்பளம் வரத் தொடங்கியதும் கடைகள். டவுன்டவுனில் 'சீப் திரில்ஸ்' என்று 1971இலிருந்து நடக்கும் பழைய புத்தக, இசைத்தட்டுக் கடை உண்டு. அது போல இன்னும் சில. அங்கே தட்டு வாங்குவதைவிட அட்டையின் பின்பக்கம் வாசிப்பதில்தான் எனக்கு நேரம் போகும். யார் பியானோ, யார் பேஸ், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று எல்லாம் அச்சடித்திருக்கும். ஒரு பெயர் பிடித்துவிட்டால் அந்தப் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பெட்டி பெட்டியாகத் தேடுவோம். பக்கத்தில் நிற்பவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார். முன்பின் தெரியாத ஒருவர் என் கையிலிருப்பதை எட்டிப் பார்த்து, இதை வை, இதே ஆள் இன்னொரு தட்டில் இதைவிட நன்றாக வாசித்திருக்கிறார் என்று ஒன்றை உருவித் தருவார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. தட்டு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

அப்படித் தேடத் தேடத்தான் நான் நடக்கும் வீதிகளிலேயே இந்தப் பெயர்கள் நடந்திருக்கின்றன என்று தெரிந்தது. பீற்றர்சன் அல்பேர்ட்டா லவுஞ்சை விட்டுப் போனதும் அந்தப் பியானோவில் வந்து உட்கார்ந்தவர் போல் பிளே. அப்போது அவர் பள்ளிக்கூடப் பெடியன், மொன்றியல்காரர். 1953 பெப்ரவரியில் சார்லி பார்க்கர் இங்கே வந்து சி.பி.சி. தொலைக்காட்சியிலும், ஸ்டான்லி வீதியில் 'ஷே பரீ' என்ற கூடத்திலும் வாசித்தார். தொலைக்காட்சியில் பார்க்கரோடு வாசித்தவர் அதே போல் பிளே, 20 வயதில். அந்த ஒலிப்பதிவு தட்டாகவும் வந்திருக்கிறது. 1989 ஜாஸ் விழாவில் பேஸ் கலைஞர் சார்லி ஹேடன் ஒவ்வொரு கச்சேரியிலும் வேறு வேறு கூட்டாளிகளோடு வாசித்தார். அதில் ஒன்றில் போல் பிளே திரும்பிவந்து தன் ஊரில் வாசித்தார். அவை 'மொன்றியல் டேப்ஸ்' என்ற பெயரில் ஒவ்வொன்றாகப் பிறகு வெளிவந்தன. அந்தக் கோடையில் நான் சில வீதிகள் தள்ளிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளரங்கக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கும் நிலை எனக்கு இல்லை. அந்தத் தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் கைதட்டலை மட்டும் தனியாகக் கவனிக்கிறேன். நான் இருந்திருக்க வேண்டிய கூட்டம் அது.

டவுன்டவுனுக்குத் தெற்கே, வேர்டன் பகுதியில் 1928இல் பிறந்தவர் மேனார்ட் ஃபேர்கசன். டிரம்பெட்டில் மற்றவர்களுக்கு எட்டாத உச்சத்தில் சாவகாசமாக வாசித்தவர். அறுபதுகளின் பிற்பகுதியில் இந்தியாவுக்குப் போய், ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியில் இருந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1970இல் வந்த அவருடைய 'எம்.எஃப். ஹோர்ன்' தட்டில் ஒரு பாட்டின் பெயர் 'சலநாட்டை'. எங்கள் 36ஆவது மேளகர்த்தா. கடையில் அந்த அட்டையின் பின்பக்கத்தை வாசித்தபோது கண்ணை நம்பவில்லை. என் அறையிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் பிறந்த ஒருவர், நான் பிறந்து வளர்ந்த இசையைத் தேடிக் கடல் தாண்டிப் போயிருக்கிறார்.

எய்ல்மர் வீதியில் சார்லி பிடிலின் கூடம் இருந்தது. பிடில் பிலடெல்ஃபியாவில் பிறந்து 1948இல் மொன்றியலுக்கு வந்து தங்கிவிட்ட பேஸ் கலைஞர். 1981இல் தன் பெயரிலேயே அந்தக் கூடத்தைத் திறந்தார். பெரும்பாலான இரவுகளில் அவரே பேஸ் வாசிப்பார். செஃப்தான் முதலில் என்னைக் கூட்டிப்போனார். வேலை முடிந்து, உடம்பெல்லாம் வெங்காய மணத்தோடு. இரண்டாவது அமர்வு தொடங்கும் நேரம். ஒரு பியரை வாங்கி வைத்துக்கொண்டு பாரின் ஓரத்தில் நிற்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒலிவர் ஜோன்ஸ் பற்றி அங்கேதான் அறிந்தேன். 1934இல் பிறந்தவர், பீற்றர்சன் வளர்ந்த அதே பகுதி. பீற்றர்சனின் அக்கா டேய்சியிடம் பியானோ கற்றவர். பல வருடம் வெளிநாட்டில் பாடகர் ஒருவரின் குழுவை நடத்திவிட்டு ஊர் திரும்பி, 50 வயதை நெருங்கும்போதுதான் தன் பெயரில் தட்டுப் போட்டார். 1983இல் அதே பிடிலின் கூடத்தில் பதிவுசெய்த தட்டு அது. 'ஜஸ்டின் டைம்' என்ற மொன்றியல் நிறுவனம் அதோடுதான் தொடங்கியது. பத்து வருடம் கழித்து அதே நிறுவனம்தான் டயானா க்ராலின் முதல் தட்டையும் வெளியிட்டது.

டேய்சி பீற்றர்சன் ஸ்வீனியைப் பற்றி அதிகம் எழுதப்பட வேண்டும். தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார், ஒலிவர் ஜோன்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தார், அந்தப் பகுதியின் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2017இல், 97 வயதில் இறந்தார். மேடைகள் அவரை அறியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செஃப் என்னை வின்சர் ஸ்டேஷனிலிருந்து தெற்கே, சரிவில் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். சென்ட் அன்ரூவான் வீதி. அதையொட்டிய பகுதிக்கு இப்போது லிட்டில் பர்கண்டி என்று பெயர். ரயில் பாதைக்குப் பக்கத்தில் கறுப்பின மக்கள் குடியிருந்த இடம். காரணம் எளிது. ஆண்களுக்குக் கிடைத்த வேலை ரயிலில்தான், அதிலும் உறக்கப்பெட்டிகளில் போர்ட்டர் வேலை. படுக்கை விரித்து, பெட்டி தூக்கி, பயணிகளின் சப்பாத்தை இரவில் துடைத்து வைக்க வேண்டும். அவர்களுக்கு என்ன பெயர் இருந்தாலும் பயணிகள் 'ஜோர்ஜ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கனேடியன் பசிபிக் ரயில்வேயோடு அவர்களுடைய தொழிற்சங்கம் ஒப்பந்தம் செய்ய 1945 வரை போராட வேண்டியிருந்தது.

பீற்றர்சனின் தகப்பன் டேனியல் அப்படிப்பட்ட ஒரு போர்ட்டர். வேர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர். கப்பலில் வேலை செய்த காலத்தில் தானாகவே ஓர்கன் கற்றுக்கொண்டவர். ரயிலில் போகுமுன் பிள்ளைகளுக்குப் பியானோப் பாடம் வைத்துவிட்டுப் போவார். நாட்கணக்கில் கழித்துத் திரும்பி வந்ததும் ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒஸ்காருக்குச் சின்ன வயதில் காசநோய் வந்தது. அதனால் டிரம்பெட்டை விட்டுப் பியானோவோடு தங்கினார். பதின்ம வயதில் மகனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதைத் தகப்பன் கண்டார். ஒரு நாள் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து, இதைக் கேள் என்று போட்டார். ஆர்ட் டேற்றமின் 'டைகர் ராக்'. இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று மகன் நினைத்தார். ஒருவர்தான், அதுவும் ஏறத்தாழக் கண் தெரியாதவர் என்று தெரிந்ததும் உடைந்துபோனார். பிறகு பல நாட்கள் பியானோவைத் தொடவில்லை. தொட்டபோது அவர் வேறு ஆள்.

ஒரு போர்ட்டர் தன் மகனுக்குக் கொடுத்த ஒரு தட்டு. ஜாஸ் வரலாற்றில் இதைவிடப் பெரிய சிபாரிசு எனக்குத் தெரியாது.

சென்ட் அன்ரூவானும் மவுண்டன் வீதியும் சந்திக்கும் மூலையில் செஃப் நின்றார். இங்கேதான் 'ரொக்ஹெட்ஸ் பரடைஸ்' இருந்தது என்றார். ரூஃபஸ் ரொக்ஹெட் யமேக்காவில் பிறந்தவர், அவரும் ரயில் போர்ட்டராக இருந்தவர். 1928இல் அந்தக் கூடத்தைத் திறந்தார். அமெரிக்காவில் மதுவிலக்கு, கியூபெக்கில் இல்லை. அதனால் இரவு வாழ்க்கை முழுவதும் எல்லை தாண்டி மொன்றியலுக்கு வந்திருந்த காலம். பிறகு வந்த ஆண்டுகளில் லூயி ஆம்ஸ்ட்ரோங் உட்படப் பெரிய பெயர்கள் எல்லாம் அந்த மூலைக்கு வந்தன. அருகிலேயே 'கஃபே சென் மிஷேல்'. நாற்பதுகளின் இரண்டாம் பாதியில் லூயி மெட்காஃப் தன் குழுவோடு அங்கே வாசித்தபோதுதான் பீபொப் என்ற புது ஜாஸ் இந்த ஊரில் வேர்விட்டது.

நாங்கள் நின்றபோது அங்கே எதுவும் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் வில்-மரி அதிவேக வீதியை அந்தப் பகுதிக்குள்ளால் வெட்டினார்கள். அதற்கு முன்பே அறுபதுகளில் நகரப் புனரமைப்பு என்று வீடுகளை இடித்துத் தள்ளியிருந்தார்கள். குடும்பங்கள் சிதறிப்போயின. ரொக்ஹெட் 1981இல் இறந்தார். கார்கள் இரைந்துகொண்டு போகும் அந்த இடத்தில் செஃப் கையை நீட்டி ஒவ்வொரு கதவும் எங்கே இருந்தது என்று காட்டினார். அவரும் அவற்றைக் கண்டவர் அல்லர். அவருக்கு முன்னே வந்த யாரோ ஒருவர் அவரை அங்கே நிற்கவைத்துக் காட்டியிருக்கிறார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த நகரம் வருடாவருடம் கொண்டாடும் இசையை இங்கே ஊன்றியவர்கள் மற்றவர்களின் பெட்டி தூக்கியவர்கள், சப்பாத்துத் துடைத்தவர்கள். டேனியல் பீற்றர்சன், ரொக்ஹெட், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ பேர். நானும் என் கூட்டாளிகளும் கோப்பை கழுவுவதை ஊருக்கு எழுதாமல் மறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மூலையில் நின்றபிறகு நான் மறைக்கவில்லை.

கோடை வந்தால் விழா. 1980இல் ரே சார்ல்ஸோடு சென்ட் ஹெலன் தீவில் தொடங்கிய மொன்றியல் சர்வதேச ஜாஸ் விழா, நான் இருந்த காலத்தில் பிளாஸ் டெ ஸார் பக்கத்து வீதிகளை அடைத்துக்கொண்டு நடந்தது. ஜூன் கடைசியில் தொடங்கும். வெளிமேடைகள் இலவசம். கோட் டெ நேஜிலிருந்தும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்தும் எங்கள் சனம் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மெட்ரோ ஏறி வருவார்கள். பலருக்கு அது ஐஸ்கிறீமும் கூட்டமும். அதிலும் பிழையில்லை. எனக்குப் பைத்தியம். ஒரு மேடையில் டிரம்ஸ் தனி முடிவதற்குள் அடுத்த மேடைக்கு ஓடுவேன். பனி மலைபோலக் குவிந்திருந்த அதே வீதியில், சட்டை நனைய வேர்த்துக்கொண்டு.

நான் செஃபுக்குத் திருப்பிக் கொடுத்த ஒரேயொரு சிபாரிசு 'சக்தி'. கடையில் அந்தத் தட்டைக் கண்டேன். 1975 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. கித்தார் ஜோன் மக்லாஃப்லின், தபேலா சாகிர் ஹுசேன், கடம் விக்கு விநாயக்ராம், வயலின் எல். சங்கர். சங்கரின் தகப்பன் லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் வயலின் ஆசிரியராக இருந்தவர். சங்கரும் அண்ணன் சுப்பிரமணியமும் பிள்ளைப் பருவத்தை அங்கேதான் கழித்தார்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. தட்டை வாங்கிக்கொண்டு நேரே குசினிக்குப் போனேன். “இதைக் கேளுங்கள், அடுத்த கிழமை கதைப்போம்” என்றேன். ஒரு கிழமை கழித்து அவர் முதலில் கேட்டது வயலினைப் பற்றியில்லை. அந்த மண்பானையை எப்படி வாசிக்கிறார்கள், எனக்குக் காட்டு என்றார். சாறு காய்ச்சும் பெரிய பானையை மடியில் வைத்துக் காட்டினேன்.

1995 ஒக்டோபர் வாக்கெடுப்பில் கியூபெக் பிரிவதா இல்லையா என்பது ஒரு சதவீதத்துக்குச் சற்றே மேலான வித்தியாசத்தில் தீர்ந்தது. அதற்கு அடுத்த வருடம் நானும் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு வந்தேன். அதற்கு முன்பே எங்கள் ஆட்கள் பலர் வந்துவிட்டார்கள். ஆங்கிலம், வேலை, சொந்தக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். எனக்குப் பிள்ளைகளின் படிப்பு. சாமான்களை வாகனத்தில் ஏற்றிய அன்று செஃப் வந்து ஒரு கசெட் தந்தார். ஜோன் கொல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. இதை ஏன் இவ்வளவு நாளும் தரவில்லை என்று கேட்டேன். “இது பிரார்த்தனை. முதலில் கேட்கத் தெரிய வேண்டும்” என்றார். சில வருடம் தொலைபேசியில் கதைத்தோம். பிறகு அவருடைய இலக்கம் மாறியது. உணவகம் கைமாறியது. தேடிப் போனபோது அங்கே யாருக்கும் அவரைத் தெரியவில்லை.

ரொறன்ரோவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்காபரோவில் எங்கள் கடை, எங்கள் கோயில், எங்கள் சனம். ஜாஸ் கூடங்களும் உண்டு. ஆனால் வேலை முடிந்த களைப்போடு, வாசற்படியில் பனியை உதறிவிட்டு, இரண்டாவது அமர்வுக்கு உள்ளே போகிற அந்த உடம்பு இங்கே இல்லை. கையில் ஒன்றைத் திணித்துவிட்டு ஒரு கிழமை கழித்துக் கேள்வி கேட்க ஆளும் இல்லை. தொலைபேசிச் செயலி எனக்கு அடுத்தடுத்துப் பாட்டுச் சொல்கிறது. பெரும்பாலும் எனக்குப் பிடித்ததையே சொல்கிறது. எனக்குப் பிடிக்காத ஒன்றைத் தந்து, பிடிக்கும் வரைக்கும் கேள் என்று செஃப் சொன்னது போல அது ஒருபோதும் சொல்லவில்லை. பின்னட்டையும் இல்லை. யார் பேஸ் என்று பார்க்க வேண்டுமானால் வேறெங்கோ தேட வேண்டியிருக்கிறது. என் மகளுக்குப் பீற்றர்சனின் பெயர் தெரியும். ரே பிறவுணின் பெயர் தெரியாது. இது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

மொன்றியலில் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. கொன்கோர்டியாப் பல்கலைக்கழகத்தின் இசையரங்குக்கு 1999இல் பீற்றர்சன் பெயர் வைத்தார்கள். 2011இல் லிட்டில் பர்கண்டியில் ஒரு சுவர் முழுக்க அவருடைய முகம் ஓவியமாக எழுந்தது. பிறகு அக்கா டேய்சிக்கும் ஒரு சுவர் கிடைத்தது, அவர் இறந்தபிறகு. டவுன்டவுனில் மக்கில் கொலேஜ் அவென்யூவில் பீற்றர்சன் பெயரில் ஒரு சதுக்கம் அமைப்பதாக நகரம் அறிவித்தது. நல்லது. ஆனால் சென்ட் அன்ரூவான் மூலையை இடித்த நகரமும் இதுதான். ஒரு சதுக்கம் அதற்கு ஈடாகாது.

எங்கள் ஆட்களுக்கு ஜாஸ் அந்நியம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1958இல் டேவ் புரூபெக் குழு மதராசுக்கு வந்தபோது, டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவோடு மிருதங்கம் வாசித்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1963இல் டியூக் எலிங்டன் தன் முழு வாத்தியக் குழுவோடு மதராசுக்கும் கொழும்புக்கும் வந்தார். ஐம்பதுகளிலிருந்தே வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் சிற்றலையில் வில்லிஸ் கொனோவர் என்ற அறிவிப்பாளர் இரவிரவாக ஜாஸ் போட்டார். யாழ்ப்பாணத்தில் அதற்காகவே ரேடியோவுக்கு முன்னால் குந்தியிருந்த ஒரு முதியவரை நான் ஸ்காபரோ நூலகத்தில் சந்தித்திருக்கிறேன். இன்றைக்கு அமெரிக்காவில் முன்வரிசைப் பியானோக் கலைஞர்களில் ஒருவரான விஜய் ஐயர் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பா 2008இல் கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து 'கின்ஸ்மென்' என்ற தட்டைச் செய்தார். இரண்டு சாக்ஸபோன்கள், ஒன்று நியூயோர்க் பேசுகிறது, மற்றது கோயில் வாசலில் நிற்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று விளங்கிக்கொள்கின்றன.

மொன்றியலுக்குப் போகிறவர்கள் மக்காய் வீதியில் 'அப்ஸ்டெயர்ஸ்' கூடத்துக்கு ஓர் இரவு போங்கள். பகலில் வின்சர் ஸ்டேஷனிலிருந்து தெற்கே இறங்கி அந்த மூலையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். போக முடியாதவர்கள் 'நைட் ட்ரெய்ன்' தட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு கிழமைக்கு அது ஒன்றே போதும், பேஸைப் பின்தொடருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த ஒரு தட்டின் பெயரை, ஜாஸாக இருந்தாலும் சரி, நாதஸ்வரமாக இருந்தாலும் சரி, எனக்கு எழுதி அனுப்புங்கள். கட்டாயம் கேட்பேன். அடுத்த கிழமை கதைப்போம்.